செவிவழித் தமிழ்: ஒலிக்கருவிகளும் பிறமொழியாளர்க்கான தமிழ் கற்பித்தலும்

தமிழில் கற்றலைக் குறிக்கும் பழைய தொடர் ‘பாடம் கேட்டல்’ என்பதாகும். உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தார் என்பதைக் காட்டிலும் பாடம் கேட்டார் என்பதே மரபு. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் தனியே அமைந்துள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம், ஒரு நூலை இருமுறை கேட்பவனுக்குப் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து உரைப்பான் என்றும் கூறுகிறது. ஒலிநாடாவை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கேட்பித்த இருபதாம் நூற்றாண்டுப் பயிற்சிமுறையை இக்கருத்து நினைவூட்டுகிறது. எனினும் நன்னூலார் கருதிய மாணாக்கன் தமிழைத் தாய்மொழியாகப் பெற்றவன். அவன் கேட்டது நூற்பொருள். தமிழின் ஒலியே புதிதாக உள்ள ஒருவர் கேட்க வேண்டியது வேறு. பேச வேண்டியதும் வேறு. அத்தகையோர்க்குக் கற்பிக்க ஒலித்தட்டு, வானொலி, ஒலிநாடா, தொலைக்காட்சி, கணினி எனப் பல கருவிகள் துணைக்கொள்ளப்பட்டன. இவ்வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சி வரலாறாகவே எழுதிவிடுவது எளிது. ஆயின், கருவி எதுவாக இருந்தாலும் அதனுள் எந்தத் தமிழைப் பதிவது என்னும் வினா முன்நின்றது. அவ்வினாவுக்குக் கருவி விடை தரவில்லை. விடையைத் தள்ளிப்போடவும் விடவில்லை.

கருவிக்கு முன்

பிறமொழியாளர் தமிழ் கற்ற வரலாறு ஐரோப்பியச் சமயப் பணியாளர் வழியே விரிவாகத் தெரியவருகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1716இல் ஆலே நகரில் வெளிவந்த அவருடைய இலத்தீன் மொழித் தமிழிலக்கணம் மக்கள் வழக்கை மனத்திற்கொண்டது. வீரமாமுனிவர் ஒருபடி மேற்சென்று, செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் வரைந்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தேம்பாவணி பாடிய ஒருவர், தம் பின்வருவோர் ஊர்மக்களோடு பேசுவதற்குத் தேம்பாவணியின் மொழி உதவாது எனக் கண்டு தனி நூல் எழுதியது இத்துறையின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளத்தக்கது.

1812இல் சென்னையில் நிறுவப்பட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி கும்பினியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னக மொழிகளைக் கற்பித்தது. அங்கே கேட்டல், பேசல் பயிற்சிக்கு இருந்த ஒரே ‘கருவி’ முன்ஷிகளின் குரல்தான். அக்குரல் மாணவரின் முகம் பார்த்து விரைவைக் குறைத்தது. புரியாதபோது வேறு சொல்லால் சொன்னது. பின்வந்த பொறிகள் எவற்றிடமும் நெடுங்காலம் வரை இவ்வியல்பு இல்லை. 1855இல் வெளிவந்த ஜி.யு. போப்பின் தமிழ்க் கைந்நூலும் 1891இல் வெளிவந்த ஆர்டனின் இலக்கணமும் பேச்சு வழக்கைப் பற்றி நிறையக் கூறுகின்றன. ஆயினும் எழுத்தால் ஒலியைக் காட்டும் முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. ‘மரம்’, ‘அவன்’ போன்ற சொற்களின் இறுதி மெய் பேச்சில் தனியே ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிர் மூக்கொலி பெற்று நிற்கிறது. இதனைக் குறிக்கத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ‘க’ என்னும் ஓரெழுத்து ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ ஆகிய மூன்றிலும் மூவகையாக ஒலிப்பதை, தம் மொழியில் ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனி எழுத்துப் பெற்ற இந்தி மாணவர் நூலால் உணர்தல் அரிது. செவி கேட்டே அறிய வேண்டியவை இவை.

ஒலித்தட்டில் ஏறிய மொழிகள்

எடிசன் 1877இல் ஒலியைப் பதியும் பொறியை உருவாக்கினார். கிராமபோன் நிறுவனத்தினர் 1902இல் கல்கத்தாவில் இந்தியப் பாடகர்களின் குரலைப் பதிந்தனர். இசைக்காக வந்த இப்பொறியை மொழிக்குப் பயன்படுத்திய பெரும் முயற்சி கிரியர்சனின் இந்திய மொழியாய்வைச் சார்ந்தது. 1913 முதல் 1929 வரை அரசின் துணையோடு செய்யப்பட்ட இப்பதிவுகளில் 97 மொழிகள், கிளைமொழிகளைச் சார்ந்த 242 பேச்சு மாதிரிகள் கிடைக்கின்றன. கிரியர்சனின் அச்சுத் தொகுதிகளுக்கான கள ஆய்வு சென்னை மாகாணத்தையும் ஐதராபாத்து, மைசூர் அரசுகளையும் உள்ளடக்கவில்லை. ஆகவே, அச்சில் விடுபட்ட நிலப்பகுதியின் மொழிகள் பின்னர் ஒலித்தட்டில் இடம்பெற்றமை நோக்கத்தக்கது.

இப்பதிவுகளின் அமைப்பு ஆழ்ந்து காணத்தக்கது. பல மொழிகளை ஒப்பிட வேண்டியிருந்தமையால் எல்லாப் பேச்சாளர்க்கும் ஒரே கதை தரப்பட்டது. விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமையை அவரவர் மொழியில் சொல்லுமாறு செய்து, அதனோடு உள்ளூர்க் கதையோ பாடலோ சேர்க்கப்பட்டது. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று மணித்துளியே ஓடும். பேச்சாளர் பெருங்குழலின் முன் நின்று, ஒரே அளவான குரலில், இடைநிறுத்தம் மிகாமல் சொல்ல வேண்டும். தயங்குதல், திருத்திக்கொள்ளுதல், மற்றவர் குறுக்கிடுதல் ஆகிய பேச்சின் இயல்புகள் எவற்றுக்கும் அதில் இடமில்லை. எனவே தட்டில் பதிவானது பேச்சு எனினும், உரையாட்டு அன்று. முன்னரே ஆயத்தம் செய்யப்பட்ட தனியுரை. ஒலித்தட்டின் பொறியியல் எல்லை, ‘மொழி மாதிரி’ என்பதன் பொருளையே இவ்வாறு வரையறுத்துவிட்டது.

கற்பித்தல் கருவி என்ற நிலையிலும் ஒலித்தட்டு ஒரு வழியே செல்வது. ஒரு தொடரை மட்டும் மீட்டுக் கேட்க ஊசியைத் தூக்கிக் கணக்காக வைக்க வேண்டும். அடிக்கடி வைத்தால் தட்டு தேயும். மாணவர் தம் குரலைப் பதிந்து கேட்க வழியில்லை. கேட்டல் திறனுக்கு ஓரளவு துணைசெய்த ஒலித்தட்டு பேசல் திறனைத் தொடவில்லை எனலாம்.

வானொலியின் இருவகைத் தமிழ்

அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்றும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. இரவு நேரத்தில் மத்திய அலைகள் வான்மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்வதால், வேற்று மாநிலங்களில் வாழ்ந்த தமிழர்க்கும் இக்குரல்கள் எட்டின. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும், 1941இல் தொடங்கி 2017 வரை வானொலியில் ஒலித்த பி.பி.சி. தமிழோசையும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன.

வானொலி மொழி கற்பிக்கத் தோன்றியதன்று. ஆயினும் தமிழின் இரட்டை வழக்கை ஒரே பெட்டியிலிருந்து நாள்தோறும் கேட்கச் செய்த முதற்கருவி அதுவே. செய்தி எழுத்துத் தமிழில் வாசிக்கப்பட்டது. நாடகமும் உழவர் நிகழ்ச்சியும் பேச்சுத் தமிழை ஏற்றன. நூல் வழியே தமிழ் கற்ற பிறமொழியாளர்க்குச் செய்தி விளங்கும். அடுத்து வரும் நாடகம் விளங்காது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதை அறிந்தவர் ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்பதை வேறொரு சொல்லாகவே கேட்பார். ‘நேற்று’ ‘நேத்து’ என்றும், ‘படித்தேன்’ ‘படிச்சேன்’ என்றும், ‘இலை’ ‘எலை’ என்றும் ஒலிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி இருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கேட்டுப் புரியாமை செவியின் குறையன்று, பாடத்திட்டத்தின் குறை என்பதை மொழியியலார் எடுத்துரைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

1959இல் சார்லஸ் பெர்குசன் இரட்டை வழக்குப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். மறு ஆண்டில் அவரும் ஜான் கம்பர்சும் பதிப்பித்த தெற்காசிய மொழிப் பன்மை பற்றிய தொகுதியில், மு. சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணம் உண்டு, அதனைத் தனியே கற்பிக்கலாம் என்னும் கருத்து இவ்வாய்வுகளால் வலுப்பெற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1965இல் சண்முகம் பிள்ளையின் பேச்சுத் தமிழ்ப் பாடநூலையும், 1966இல் ந. குமாரசாமிராஜாவும் க. துரைசாமியும் எழுதிய உரையாடல் தமிழ் நூலையும் வெளியிட்டது. மரபுவழித் தமிழாசிரியர் பலருக்கு இம்முயற்சி உவப்பாக இல்லை. வழுவைக் கற்பிப்பதா என்னும் அவர்களின் தயக்கத்தை அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. எவருடைய பேச்சைக் கற்பிப்பது என்பதற்கு அப்போது ஒருமித்த விடை இல்லை. வட்டாரமும் சாதியும் தோய்ந்த பேச்சில் ஒன்றைத் தெரிவு செய்தல் மொழியியல் முடிவு மட்டுமன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மொழி ஆய்வுக்கூடத்தின் பத்து மாதங்கள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்க்கு அயல்மொழிகளை விரைந்து கற்பித்த பட்டறிவிலிருந்து உருவானது கேட்டல்–பேசல் முறை. மொழி என்பது பழக்கம். பழக்கம் ஓயாத பயிற்சியால் அமைவது. எழுத்துக்கு முன் ஒலி என்பன அதன் கோட்பாடுகள். இம்முறையின் பின்புலமான அமைப்பு மொழியியல், 1950களில் புணே தக்காணக் கல்லூரி நடத்திய கோடைகாலப் பள்ளிகள் வழியாக இந்தியாவில் பரவியது. 1958இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம் ஆங்கிலத்திற்குச் செய்ததை இந்திய மொழிகளுக்குச் செய்ய 1969 சூலை 17 அன்று மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. தே.பி. பட்டநாயக் அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டில் மைசூர், புணே, புவனேசுவரம், பட்டியாலா ஆகிய இடங்களில் மண்டல மொழி மையங்கள் அமைந்தன.

இம்மையங்களின் தேவை 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலிருந்து எழுந்தது. இந்தி பேசும் மாநிலப் பள்ளிகளில் தென்னக மொழி ஒன்றைக் கற்பிப்பது மும்மொழித் திட்டத்தின் எதிர்பார்ப்பு. அதற்கு ஆசிரியர் வேண்டும். பணியிலுள்ள ஆசிரியர்களை மாநிலங்கள் விடுவித்து அனுப்ப, அவர்கள் பத்து மாதங்கள் தங்கி ஒரு புதிய மொழியைக் கற்றனர். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகியவை மைசூரிலுள்ள தென்மண்டல மையத்தில் கற்பிக்கப்பட்டன. இங்குப் பயின்று சொந்த ஊர் திரும்பும் ஆசிரியர் அவ்வூர் மாணவர்க்குத் தமிழின் ஒரே குரலாக இருப்பார். அவர் செவியில் தவறாகப் படிந்தது ஒரு வகுப்பு முழுவதற்கும் தமிழாகிவிடும். எனவே பயிற்சி நாடாவில் பதிவான தமிழ் எது என்பது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று.

மொழி ஆய்வுக்கூடம் என்பது தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு அறைகளின் தொகுதி. ஒவ்வொன்றிலும் ஹெட்போனும் ஒலிவாங்கியும் உண்டு. ஆசிரியர் ஒரு மேசைப் பொறியின் முன் அமர்ந்து, எந்த மாணவரின் குரலையும் மற்றவர் அறியாமல் கேட்டுத் திருத்துவார். பயிற்சி பெரும்பாலும் நான்கு கட்டங்களில் நடைபெற்றது. நாடா ஒரு தூண்டலைத் தரும்; மாணவர் விடை சொல்வார்; நாடா சரியான விடையைச் சொல்லும்; மாணவர் அதனைத் திரும்பச் சொல்வார். ‘நான் நாளைக்கு வருவேன்’ என்று நாடா சொல்லி, ‘அவர்’ என்னும் சொல்லைத் தந்தால், ‘அவர் நாளைக்கு வருவார்’ என மாணவர் மாற்றிச் சொல்ல வேண்டும். இவ்வகைத் தொடரமைப்புப் பயிற்சி எண்பேரிட விகுதிகளை நாவில் படிய வைப்பதில் வல்லது. 1979இல் மைசூர் நிறுவனம் வெளியிட்ட சு. இராசாராமின் தமிழ்த் தீவிரப் பயிற்சி நூல் உரையாடல், பயிற்சி, சொற்பட்டியல், இலக்கணக் குறிப்பு என அமைந்திருப்பது இம்முறையின் முத்திரையாகும்.

ஒலி வேறுபாட்டைக் கேட்டறியும் பயிற்சியும் அக்கால முறையின் ஒரு தூண். ‘வால்–வாள்’, ‘மனம்–மணம்’, ‘பல்–பால்’ போன்ற இணைகளைக் கேட்பித்து, இரண்டும் ஒன்றா வேறா எனக் குறிக்கச் செய்தனர். வடமாநிலத்தார்க்கு இது மிகவும் பயன்பட்டது. ஆனால் ‘அரை–அறை’ என்னும் இணையை எடுத்துக்கொண்டால் ஒரு முரண் தோன்றுகிறது. குமரி மாவட்டம் போன்ற சில பகுதிகள் நீங்கலாகத் தமிழ்நாட்டுப் பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ‘கழை–களை’ என்னும் இணையும் பலர் நாவில் ஒன்றாகவே ஒலிக்கிறது. பதிவுக்கூடத்தில் அமர்ந்து தாள் பார்த்து வாசிப்பவர் எழுத்தைப் பின்பற்றி இவற்றை வேறுபடுத்துவார். அவரே வீடு திரும்பியபின் வேறுபடுத்தமாட்டார். அவ்வாறாயின், தமிழர் பேச்சில் வழங்காத வேறுபாட்டைத் தமிழரல்லாதார்க்குப் பொறி கொண்டு பயிற்றும் நிலை ஏற்படும். எழுத்துப்பிழை தவிர்க்க இப்பயிற்சி வேண்டும் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் அதனைக் கேட்டல் பயிற்சி என்று அழைப்பது பொருந்தாது. அது எழுத்துப் பயிற்சியைச் செவிவழி நடத்துவதாகும்.

மற்றொரு குறையும் இருந்தது. நாடா கேள்வி கேட்கும், விடையைப் புரிந்துகொள்ளாது. மாணவர் ‘அவர் நாளைக்கு வருவார்’ என்பதை நூறுமுறை பிழையின்றிச் சொன்னாலும், எவர் வருவார், ஏன் வருவார் என்பது அவர் கருத்தில் படுவதில்லை. 1959இல் சாம்ஸ்கி, ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய மதிப்புரை பழக்கக் கோட்பாட்டின் அடித்தளத்தை அசைத்தது. அதன் எதிரொலி இந்திய வகுப்பறைகளை அடையக் காலம் பிடித்தது. தென்னிந்தியாவிலேயே இதற்கு ஒரு மாற்று எழுந்தது. ந.சு. பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னை, கடலூர்ப் பள்ளிகளிலும் நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டத்தில் பொறி எதுவும் முதன்மை பெறவில்லை. வரைபடத்தைப் பார்த்து வழி கூறுதல், கால அட்டவணையைப் பார்த்துத் தொடர்வண்டியைத் தெரிவு செய்தல் போன்ற செயல்களை ஆசிரியர் பேசிப்பேசி நடத்தினார். மாணவர் பொருளில் கருத்தூன்ற, மொழி உடன் வந்தது. கரும்பலகையும் ஆசிரியர் குரலுமே கருவிகள். கோட்டைக் கல்லூரி முன்ஷியிடம் இருந்து, ஆய்வுக்கூடத்தில் காணாமற்போன பண்பு இத்திட்டத்தில் திரும்பி வந்தது என்றால் மிகையாகாது.

படமும் பேச்சும்

1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டு நடைபெற்ற துணைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களை எட்டியது. தமிழ்நாடு அதில் இடம்பெறவில்லை. ஒரு படத்துக்கு இரு ஒலித்தடங்கள் இருந்தமையால் ஆந்திரத்துக்குத் தெலுங்கிலும் கர்நாடகத்துக்குக் கன்னடத்திலும் ஒரே நிகழ்ச்சியை அனுப்ப முடிந்தது. பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய மூன்றுக்கும் பொது இந்தியே சென்றது. வீட்டில் மைதிலியோ மார்வாரியோ பேசிய சிறார்க்கும் அதுவே. வழக்குத் தெரிவு தமிழுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று என்பதற்கு இது சான்று.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. பின்வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடுதழுவிய வகுப்பறை (1984), கியான் தர்சன் (2000), எடுசாட் துணைக்கோள் (2004) ஆகியவை பொருளறிவைப் பரப்பியவை. இந்திய மொழிகளைப் பேசக் கற்பிப்பதில் அவற்றின் பங்கு சிறிதே.

இவை எவற்றைக் காட்டிலும் தமிழ்ப் பேச்சைக் கேட்கச் செய்தது திரைப்படமே. 1952இல் வந்த ‘பராசக்தி’யின் உரையாடல் அடுக்குமொழியும் எதுகையும் நிறைந்த மேடைத்தமிழ். 1977இல் வந்த ‘16 வயதினிலே’ ஊர்ப்புறப் பேச்சைத் திரையின் மையத்துக்குக் கொணர்ந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர், கால் நூற்றாண்டில் ‘கேட்கத்தக்க தமிழ்’ பற்றிய எண்ணம் எவ்வளவு நகர்ந்தது என்பதை அறியலாம். ஹெரால்ட் ஷிஃப்மன் 1998இல் எழுதிய கட்டுரை, தமிழில் பொதுப் பேச்சு வழக்கு ஒன்று உருவாகி வருவதை வாதிட்டு, அதற்குத் திரைப்படம், வானொலி போன்ற ஊடகங்களின் பங்கையும் எடுத்துக்காட்டியது. சண்முகம் பிள்ளை காலத்தில் விடையின்றி நின்ற ‘எவருடைய பேச்சு’ என்னும் வினாவுக்குப் பாடநூல் வல்லுநர் அன்றி, ஊடகமே ஓரளவு விடை சமைத்துக்கொடுத்தது. 2002இல் ஆஷரும் இ. அண்ணாமலையும் வெளியிட்ட பேச்சுத் தமிழ்ப் பாடநூல் அப்பொது வழக்கை ஒலிப்பதிவோடு கற்பித்தது. 2001 பிப்ரவரியில் தொடங்கி, 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உலகெங்குமுள்ள தமிழ்ச் சிறார்க்குப் பாடங்களை ஒலியோடும் படத்தோடும் வழங்கிவருகிறது.

பேச்சை எழுத்தாக்கும் கணினி நிரல்கள் இன்று மாணவர் கைப்பேசியிலேயே உள்ளன. பொறி விடையைப் புரிந்துகொள்ளாது என்று மேலே கூறிய குறை இப்போது பெரிதும் நீங்கிவருகிறது. ஆனால் இந்நிரல்கள் எப்பேச்சைக் கேட்டுப் பழகினவோ அப்பேச்சையே நன்கு அறியும். தாள் பார்த்து வாசித்த பதிவுகளால் பழகிய நிரல் செய்தித் தமிழைப் பிழையின்றி எழுதும். இருவர் குறுக்கிட்டுப் பேசும் பேச்சில் தடுமாறும். பெருங்குழலின் முன் நின்று ஒரே கதையைச் சொன்ன 1920களின் பேச்சாளர் இங்கு நினைவுக்கு வருகிறார். மாணவர் ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று சரியாகச் சொல்ல, பொறி அதனை ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதிக் காட்டுமாயின், அது அவரைத் திருத்துகிறதா, புரிந்துகொண்டதாகச் சொல்கிறதா என்பதை அம்மாணவர்க்கு விளக்க ஓர் ஆசிரியர் அருகிருக்க வேண்டும்.

எஞ்சிய பதிவுகள்

கிரியர்சன் காலத்து ஒலித்தட்டுகள் எண்மமாக்கப்பட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ம நூலகத்தின் வழி இன்று எவரும் கேட்கத்தக்க நிலையில் உள்ளன. அவை ஆவணமாகவே உருவாக்கப்பட்டமையால் பேணப்பட்டன. மொழி ஆய்வுக்கூட நாடாக்களின் நிலை வேறு. அவற்றில் இரு தடங்கள் இருந்தன. ஆசிரியர் குரல் உள்ள தடத்தை மாணவர் அழிக்க முடியாது. மாணவர் குரல் பதியும் தடமோ அடுத்தவர் அமர்ந்து பதியும்போது தானே அழியும். அதுவே பொறியின் அமைப்பு. ஒடியா, பஞ்சாபி, இந்தி பேசுவோர் தமிழை முதன்முதல் ஒலித்தபோது எவ்வெவ்விடத்தில் இடறினர், எத்தனை கிழமையில் தேறினர், எந்த ஒலி இறுதிவரை வசப்படவில்லை என்பனவெல்லாம் அந்த இரண்டாம் தடத்தில் இருந்தன. ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் முந்தைய பாடவேளையின் பிழைகள் அழிந்தன.